குறியைப் பார்க்காதீங்க, குச்சியைப் பாருங்க

பின்னாடி கேக்குற இரைச்சலுக்கு முதல்லயே மன்னிப்பு கேட்டுக்கறேன். இது வழக்கமான சென்னை ரூம் இல்ல. புளியறையில எங்க சித்தி வீட்டு மாடியில உக்காந்து ரெக்கார்ட் பண்றேன். செங்கோட்டை தாண்டி கேரளா போற ரோட்டுல, மலை ஏறுறதுக்கு முன்னாடி தமிழ்நாட்டோட கடைசி ஊர். ஒரு பக்கம் செக்போஸ்ட்டுக்கு வரிசை கட்டி நிக்கிற லாரி, இன்னொரு பக்கம் ஆரியங்காவு கணவாய் வழியா வர்ற காத்து, நடுவுல சாரல். மைக்குக்கு துண்டு சுத்தி வெச்சிருக்கேன், இருந்தாலும் கொஞ்சம் கேக்கும்.

இன்னைக்கு பேசப்போறது பிஸ்டல்ல எப்படி குறி பாக்குறதுங்கறது. பத்து மீட்டர் ஏர் பிஸ்டல், அதாவது ஒலிம்பிக்ஸ்ல மனு பாக்கர் ஆடுற விளையாட்டு. இதுல நான் எக்ஸ்பர்ட் இல்ல. இந்த எபிசோடு வர்றதுக்குக் காரணமே நான் பண்ணின ஒரு தப்பு. அதைச் சொல்லிட்டு உள்ள போவோம்.

என் சித்தி மகள், பதினாறு வயசு, ரெண்டு வருஷமா ஏர் பிஸ்டல் சுடுறா. வாரத்துல மூணு நாள் பஸ் ஏறி ஒரு கிளப்புக்குப் போய் பயிற்சி. சொந்தமா பிஸ்டல் கிடையாது. நல்ல மேட்ச் பிஸ்டல் ஒண்ணு வாங்கணும்னா லட்சத்துக்கு மேல ஆகும், அதனால கிளப்போடதுதான். இந்த வருஷம் ஒரு தேர்வுப் போட்டி வந்துச்சு. அதுக்கு பத்து நாளைக்கு முன்னாடி ராத்திரி எனக்கு போன் பண்ணினா.

"அண்ணே, எட்டு, ஒம்போதுலயே நிக்கி. பத்து விழ மாட்டேங்கு. என்ன பண்ணட்டும்?"

நான் ஆபீஸ் வேலையா லேப்டாப்பைப் பாத்துக்கிட்டே, ரொம்பத் தெரிஞ்ச மாதிரி சொன்னேன்: "டார்கெட்டை விட்டு கண்ணை எடுக்காதட்டி. நடுப்புள்ளியையே உத்துப் பாரு, மத்ததெல்லாம் தானா வரும்." நான் எங்க கத்துக்கிட்டேன்னா, பப்ஜில. காலேஜ் ஹாஸ்டல்ல நாலு வருஷம். அவ்வளவுதான் என்னோட துப்பாக்கி அனுபவம்.

அவ அப்படியே செஞ்சா. வழக்கமா 600க்கு 530 பக்கம் எடுக்கிறவ, போட்டியில 498. தேர்வாகல. ஒரு வாரம் யார்கிட்டயும் பேசலையாம். அப்புறம் எங்கிட்ட ஒண்ணு சொன்னா, அது இன்னும் குத்துது: "கோச் ரெண்டு வருஷமா வேற மாதிரிதான் சொல்லுதாங்க. நீங்க இன்ஜினியர்லா, உங்களுக்குத் தெரியும்னு மாத்திட்டேன்."

சரி, அப்போ கோச் சொன்னது என்ன, அது ஏன் சரி, நான் சொன்னது ஏன் தப்பு? இதை உக்காந்து படிச்சேன், கணக்குப் போட்டுப் பாத்தேன், லீவு போட்டு ஊருக்கும் வந்தேன்.

முதல்ல பிஸ்டல் மேல என்ன இருக்குன்னு பாத்துடுவோம். கண்ணுக்குப் பக்கத்துல, பின் முனையில ஒரு தகடு. அதுல சதுரமா ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். அதுதான் ரியர் சைட். குழல் முடியுற இடத்துல நேரா நிக்கிற ஒரு சின்னக் குச்சி. அது ஃப்ரண்ட் சைட். பின்பள்ளத்து வழியா முன்குச்சியைப் பாக்கணும். குச்சியோட தலை, பள்ளத்தோட ரெண்டு கரையோட தலைக்கும் ஒரே மட்டமா இருக்கணும். குச்சிக்கு இடது பக்கம் தெரியுற வெளிச்சமும் வலது பக்கம் தெரியுற வெளிச்சமும் ஒரே அகலமா இருக்கணும். இந்த ரெண்டும் சரியா இருந்தா அதுக்குப் பேர் சைட் அலைன்மென்ட். அப்படி சரியா நிக்கிற ஜோடியைக் கொண்டுபோய் டார்கெட் மேல ஒரு இடத்துல வைக்கிறது சைட் பிக்சர்.

ரெண்டும் ஒண்ணு மாதிரி கேக்கும். ஆனா முதலாவது, துப்பாக்கி எந்தத் திசையைப் பாக்குதுங்கற விஷயம். ரெண்டாவது, துப்பாக்கி எந்த இடத்துல இருக்குங்கற விஷயம். நான் தங்கச்சியைக் கெடுத்தது இந்த ரெண்டையும் குழப்பினதாலதான்.

பப்ஜில என்ன நடக்குதுன்னு யோசிங்க. ஸ்கோப் இல்லாத துப்பாக்கியிலயும் எய்ம் பட்டனை அழுத்தினா முன்குச்சி பின்பள்ளத்துக்கு நட்டநடுவுல வந்து கச்சிதமா உக்காரும். யார் உக்கார வெச்சா? கேம் இன்ஜின். அலைன்மென்ட்டை அது இலவசமா குடுத்துடுது. நமக்கு மிச்சம் இருக்கிறது பிக்சர் மட்டும்தான்: எதிரி மேல கொண்டுபோய் வைக்கிறது. அது போதாதுன்னு குச்சியும் தெளிவா தெரியும், முன்னூறு மீட்டர் தள்ளி நிக்கிறவனும் தெளிவா தெரிவான். நிஜக் கண்ணுக்கு அந்த வசதி கிடையாது.

இதை இப்பவே செஞ்சு பாக்கலாம். இந்த மாடி ஜன்னல்ல கம்பி இருக்கு, கம்பிக்கு அந்தப் பக்கம் மலை. நான் மலையைப் பாத்தா கம்பி ரெண்டா, மங்கலா ஆயிடுது. கம்பியைப் பாத்தா மலை பச்சையா ஒரு கறை மாதிரி ஆயிடுது. ரெண்டையும் ஒரே நேரத்துல தெளிவாப் பாக்கவே முடியாது. கண்ணுல இருக்கிற லென்ஸ் ஒரு நேரத்துல ஒரு தூரத்துக்குத்தான் ஃபோகஸ் ஆகும். கையை நீட்டி பிஸ்டல் பிடிச்சா பின்பள்ளம் முக்கால் மீட்டர் வாக்குல, முன்குச்சி ஒரு மீட்டர் வாக்குல, டார்கெட் பத்து மீட்டர்ல. மூணுல ஒண்ணைத்தான் எடுக்கலாம். எதை எடுக்கிறது?

மனசு உடனே டார்கெட்னுதான் சொல்லும். கிரிக்கெட்ல பந்தைப் பாருன்னுதானே சொல்லிக் குடுத்தாங்க? ஆனா கணக்கு வேற மாதிரி சொல்லுது. அந்தக் கணக்கை தங்கச்சியும் நானும் இதே மாடியில ஒரு மர ஸ்கேலை வெச்சுப் போட்டுப் பாத்தோம். துப்பாக்கி எதுவும் தேவையில்லை, உங்க வீட்டுலயும் செய்யலாம்.

30 செ.மீ. ஸ்கேல் ஒண்ணு. ஒரு முனையில பள்ளம் வெட்டின அட்டை, இன்னொரு முனையில குச்சி மாதிரி வெட்டின அட்டை, செலோ டேப் போட்டு ஒட்டியாச்சு. நிஜ ஏர் பிஸ்டல்லயும் ரெண்டு சைட்டுக்கும் நடுவுல கிட்டத்தட்ட இந்த இடைவெளிதான், கொஞ்சம் கூட இருக்கும். பத்து மீட்டர் தள்ளி சுவத்துல ஒரு வட்டம் வரைஞ்சோம்.

தப்பு நம்பர் ஒண்ணு: கை ஆடுது. ஸ்கேல் திசை மாறாம, முழுசா 5 மி.மீ. வலது பக்கம் நகருது. அப்போ சுவத்துல புள்ளி எவ்வளவு நகரும்? அதே 5 மி.மீ. தூரம் எவ்வளவா இருந்தாலும் அதேதான்.

தப்பு நம்பர் ரெண்டு: கை ஆடல, ஆனா முன்குச்சி பள்ளத்துக்குள்ள ஒரே ஒரு மில்லிமீட்டர் வலது பக்கம் சாஞ்சிருக்கு. அதாவது ஸ்கேல் லேசா திரும்பியிருக்கு. 30 செ.மீ.க்கு 1 மி.மீ.ன்னா, 10 மீட்டருக்கு எவ்வளவு? எட்டாம் கிளாஸ் ஒத்த முக்கோணம்தான். 33 மி.மீ.

இப்போ இந்த ரெண்டு எண்ணையும் டார்கெட் கார்டு மேல வைங்க. பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் கார்டுல பத்துங்கற வட்டத்தோட விட்டம் 11.5 மி.மீ., ஒரு சட்டை பட்டன் அளவு. அதுக்கு வெளிய ஒவ்வொரு வளையமும் 8 மி.மீ. அகலம். பெல்லட் 4.5 மி.மீ., அதோட விளிம்பு கோட்டைத் தொட்டாலே மேல் மதிப்பெண். அப்போ கை 5 மி.மீ. ஆடினா? இன்னும் பத்துதான், புள்ளிக்கணக்குல 10.3. குச்சி 1 மி.மீ. சாஞ்சா? ஆறு.

கண்ணுக்குப் பெருசாத் தெரியுற ஆட்டம் பத்தைக் கெடுக்கல. கண்ணுக்குத் தெரியாத சாய்வு நாலு பாயிண்டைத் தின்னுடுச்சு. தங்கச்சி அந்த ஸ்கேலைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பாத்தா. "அப்ப நான் ரெண்டு வருஷமா கை ஆடுதுன்னு அழுதது வேஸ்ட்டா?"ன்னு கேட்டா. முழுசா வேஸ்ட் இல்ல. நிஜத்துல ரெண்டு தப்பும் கலந்துதான் வரும், கை ஆடும்போது மணிக்கட்டும் திரும்பும். ஆனா எதைக் காவல் காக்கணும்ங்கறது இதுல தெளிவாயிடுது.

அதனாலதான் கண்ணோட ஒரே ஃபோகஸை முன்குச்சிக்குக் குடுக்கணும்ங்கறாங்க. குச்சியோட விளிம்பு பிளேடு மாதிரி கூர்மையாத் தெரியணும். பின்பள்ளம் கொஞ்சம் மங்கலா இருக்கும், பரவாயில்ல, ரெண்டு பக்க வெளிச்சத்தையும் ஒப்பிட அது போதும். டார்கெட்? சாம்பல் நிறத்துல ஒரு பஞ்சு உருண்டை மாதிரி இருக்கும். இருக்கட்டும். மங்கலான வட்டத்துக்கும் நடுப்பகுதியை நம்ம மூளை நல்லாவே கணிக்கும். மங்கலான குச்சி 0.2 மி.மீ. சாஞ்சா அதை மூளையால கண்டுபிடிக்க முடியாது. நான் சொன்னபடி டார்கெட்டை உத்துப் பாத்தப்போ அவளுக்கு நடந்தது இதுதான். வட்டம் பளிச்சுன்னு தெரிஞ்சது, குச்சி கரைஞ்சு போச்சு. கரைஞ்சு போன குச்சி எந்தப் பக்கம் சாஞ்சாலும் அவளுக்குத் தெரியல.

இதை ஏத்துக்கறது ஏன் கஷ்டம்னா, எதை அடிக்கணுமோ அதைப் பாக்காம அடிக்கச் சொல்றாங்க. உடம்பு ஒத்துக்காது. ஒவ்வொரு ஷாட்லயும் கடைசி நொடியில கண்ணு 'விழுந்துச்சா'ன்னு பாக்க டார்கெட்டுக்குத் தாவும். அந்தத் தாவல் ட்ரிகர் விழுறதுக்கு முன்னாடியே நடந்துட்டா ஷாட் போச்சு.

இன்னொரு சந்தேகம் வரும்: டார்கெட்டை மங்கலாப் பாத்துக்கிட்டே பத்தோட நடுவுல எப்படி வைக்கிறது? இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச தந்திரம் ஒண்ணு இருக்கு. நடுவுல வைக்கவே மாட்டாங்க. அந்தக் கறுப்பு வட்டம் 59.5 மி.மீ. விட்டம். குச்சியும் கறுப்பு. கறுப்பு மேல கறுப்பை வெச்சா குச்சியோட தலை எங்க முடியுதுன்னே தெரியாது. அதனால வட்டத்துக்குக் கீழே, வெள்ளைப் பகுதியில குச்சியை நிறுத்துவாங்க. கடிகாரத்துல ஆறு மணி இருக்கிற பக்கம்னு வெச்சுக்கோங்க. வெள்ளை மேல கறுப்புக் குச்சி பளிச்சுன்னு தெரியும். ரியர் சைட்டுல இருக்கிற திருகாணியைத் திருகி, குண்டு நிறுத்தின இடத்துக்கு மேல, பத்துல போய் விழுற மாதிரி முன்கூட்டியே சரி பண்ணி வெச்சிருப்பாங்க. அதாவது குறி வைக்கிற இடம் வேற, விழுற இடம் வேற. நிறைய பேர் வட்டத்துக்கும் குச்சிக்கும் நடுவுல கொஞ்சம் வெள்ளை இடைவெளியும் விடுவாங்க. வட்டத்தைச் சரியா தொட்டுக்கிட்டு நிக்கணும்னு வெச்சுக்கிட்டா, தொட்டதும் அமுக்கிடணும்னு அவசரம் வந்துடும்.

இந்தத் திருகாணி பத்தி குற்றாலத்துக் கதை ஒண்ணு. சீசன் நேரத்துல அங்க பலூன் சுடுற கடை போட்டிருப்பாங்க, பாத்திருப்பீங்க. சின்ன வயசுல எங்க மாமா எனக்கு காசு குடுத்து சுட விடுவார். ஒண்ணும் வெடிக்காது. "கடைக்காரன் சைட்டை வளைச்சு வெச்சிருக்கான்"னு மாமா சொல்வார். இருக்கலாம். ஆனா சைட் வளைஞ்சிருந்தா அதுக்கு ஒரு அடையாளம் உண்டு: எல்லாக் குண்டும் ஒரே பக்கம், ஒரே இடத்துல கும்பலா போகும். அப்படின்னா அந்த அளவுக்கு மறுபக்கம் தள்ளிக் குறி வெச்சா பலூன் வெடிச்சிருக்கணும். என்னோட குண்டுங்க நாலு திசையிலயும் போச்சு. அது சைட்டோட தப்பு இல்ல, என்னோடது. கிளப்புலயும் இதேதான். ஓட்டைங்க ஒரு பக்கமா நெருக்கமா விழுந்தா திருகாணியைத் தொடுங்க. சிதறி விழுந்தா தொடாதீங்க. தங்கச்சி அந்தப் போட்டியில பதறிப்போய் நாலு தடவை திருகாணியைத் திருகியிருக்கா. பக் எங்க இருக்குன்னே தெரியாம புரொடக்‌ஷன்ல கான்ஃபிகரேஷனை மாத்துற மாதிரி. (அதையும் நான் பண்ணியிருக்கேன், அது வேற எபிசோடு.)

செங்கோட்டைப் பக்கத்துல இருந்துக்கிட்டு பிஸ்டல்னு பேச்செடுத்தா யாராவது ஒருத்தர் வாஞ்சிநாதனைக் கொண்டு வந்துடுவாங்க. இந்த எபிசோடு பண்றேன்னு சொன்னதும் சித்தப்பா முதல்ல கேட்டதே அதான்: "வாஞ்சி எந்த சைட்டைப் பாத்தாரு?" கேலியாத்தான் கேட்டார். ஆனா நல்ல கேள்வி.

வாஞ்சிநாதன் செங்கோட்டைக்காரர். அப்போ செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்துல இருந்துச்சு, 1956 நவம்பர்லதான் இந்தப் பக்கம் வந்துச்சு. அவர் வேலை பாத்தது புனலூர்ல, திருவிதாங்கூர் வனத்துறையில. 1911 ஜூன் 17 அன்னைக்கு மணியாச்சி ஜங்ஷன்ல, ரயில் பெட்டியில உக்காந்திருந்த திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்டார். கையில இருந்தது பெல்ஜியத்துல செஞ்ச பிரவுனிங் பிஸ்டல். அப்புறம் பிளாட்பாரத்துல இருந்த கழிவறைக்குள்ள போய் தன்னையே சுட்டுக்கிட்டார். பள்ளிக்கூடத்துல எல்லாரும் படிச்சதுதான். அதோட அரசியல் பத்தி வரலாற்றாசிரியர்கள் இன்னும் எழுதிக்கிட்டுதான் இருக்காங்க. நான் அதுக்குள்ள போகல.

சித்தப்பா கேள்விக்கு என் பதில்: அந்த தூரத்துல சைட்டுக்கு வேலையே இல்ல. ஒரு கணக்குக்கு, சின்ன பிஸ்டல்ல ரெண்டு சைட்டுக்கும் இடைவெளி 15 செ.மீ.ன்னும், தூரம் ஒரு மீட்டர்னும் வெச்சுக்குவோம். குச்சி 1 மி.மீ. சாஞ்சா விலகல் 7 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. ஒண்ணுமே இல்ல. அதே பிஸ்டல், அதே சாய்வு, பத்து மீட்டர்ல 67 மி.மீ. 25 மீட்டர்ல ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. கோணத்துல வர்ற தப்பு தூரத்தோட சேர்ந்து வளரும். சினிமால ஹீரோ இடுப்புல இருந்து உருவி, ஐம்பது மீட்டர் தள்ளி ஓடுறவனை ஓடிக்கிட்டே சுடுறதைப் பாத்தா இனிமே எனக்கு இந்த முக்கோணம்தான் ஞாபகம் வரும். கூட படம் பாக்குறவங்களுக்கு ஸாரி.

சித்தப்பா திருப்தி ஆகல. "அப்ப அவரு பயிற்சியே எடுக்கலேங்கியா?"ன்னார். புதுச்சேரியில வ.வே.சு. ஐயர் கிட்ட துப்பாக்கிப் பயிற்சி எடுத்தார்னுதான் சொல்றாங்க. பயிற்சிங்கறது சைட்டுக்கு மட்டும் இல்லையே, ட்ரிகருக்கும்தானே.

ஆமா, ட்ரிகர். அலைன்மென்ட்டை எவ்வளவு அழகா பண்ணினாலும் அதைக் கலைக்கிற வில்லன் நம்ம ஆள்காட்டி விரல்தான். ஏர் பிஸ்டல்ல ட்ரிகர் குறைஞ்சது 500 கிராம் எடையைத் தாங்கணும்னு விதி. அரைக் கிலோ. அந்த அரைக் கிலோவை விரல் நேரா பின்னாடி இழுக்காம, ஓரமா இழுத்தாலோ வெடுக்குன்னு இழுத்தாலோ, குழல் முனை அந்தப் பக்கம் போகும். எவ்வளவு போகும்? நமக்குத்தான் தெரியுமே, ஒரு மில்லிமீட்டர் போதும்.

வெடுக்குன்னு ஏன் இழுக்கிறோம்? கை ஆடுறதாலதான். குச்சி வட்டத்துக்குக் கீழே மிதந்துக்கிட்டே இருக்கு, சரியான இடத்தைக் கடந்து போற அந்த நொடியில 'இப்போ!'ன்னு அமுக்குறோம். நான் மேல சொன்ன கணக்கு இங்கதான் உதவுது. மிதக்கிறதுக்குக் கிடைக்கிற தண்டனை சின்னது, வெடுக்குக்குக் கிடைக்கிறது பெருசு. அதனால குச்சியை அது பாட்டுக்கு மிதக்க விட்டுட்டு, அலைன்மென்ட்டை மட்டும் பாத்துக்கிட்டே, ட்ரிகரை நிதானமா அழுத்தத்தைக் கூட்டிக்கிட்டே போகணும். எப்போ சுட்டுச்சுன்னு நமக்கே லேசா ஆச்சரியமா இருக்கணும். சுட்ட பிறகும் ஒரு நொடி அப்படியே குச்சியையே பாத்துக்கிட்டு நிக்கணும்.

இதுக்கு ஒரு பயிற்சி இருக்கு, அவ கோச் மொத நாள்ல இருந்தே சொல்லிக்கிட்டிருந்தது. டார்கெட்டே இல்லாம வெறும் வெள்ளைச் சுவரைப் பாத்து, பெல்லட் போடாம, காத்தும் செலவாகாம ட்ரிகரை மட்டும் அமுக்குறது. மேட்ச் பிஸ்டல்லயே அதுக்குத் தனி ஏற்பாடு இருக்கும். பாக்குறதுக்கு குச்சியைத் தவிர வேற ஒண்ணுமே இல்லாததால கண்ணு தாவாது. ட்ரிகர் விழும்போது குச்சி நெளியுதா இல்லையான்னு அப்படியே தெரியும். அவளுக்கு இது போரடிச்சு விட்டுட்டா. "சொவத்தப் பாத்துச் சுட்டா மார்க்கா போடுவாங்க?"

இங்க ஒரு விஷயம், வீட்டுல யாரும் விளையாட்டா எடுத்துடாதீங்க. இது ரேஞ்சுல, கோச் கண்ணு முன்னாடி, குழல் டார்கெட் பக்கம் மட்டும் இருக்கும்போது செய்யுறது. பெல்லட் இல்லைன்னு நமக்கு உறுதியாத் தெரிஞ்ச துப்பாக்கியையும் ஆள் பக்கம் திருப்பக்கூடாது. ஏர் பிஸ்டல்தானேன்னு நினைக்காதீங்க, கண்ணு போயிடும். வீட்டுல அவ செய்யுறதெல்லாம் ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலை ஒரு கையால நீட்டிப் பிடிச்சு நிக்கிறதுதான். போட்டி பிஸ்டல் அதிகபட்சம் ஒண்ணரைக் கிலோ இருக்கலாம், பாட்டில் அதுக்குக் கிட்ட வரும்.

கண்ணு பத்தி இன்னும் கொஞ்சம். ஒரு கண்ணை இறுக்கி மூடினா முகத்துத் தசையெல்லாம் இழுத்து, திறந்திருக்கிற கண்ணும் களைச்சுடும். அதனால ரெண்டையும் திறந்து வெச்சு, குறி பாக்காத கண்ணுக்கு முன்னாடி ஒரு சின்ன மறைப்பு மாட்டுவாங்க. 30 மி.மீ. அகலம் வரைக்கும் விதி அனுமதிக்குது. பாரிஸ்ல வெறும் கண்ணாடியோட, ஒரு கையை பாக்கெட்ல விட்டுக்கிட்டு வெள்ளி வாங்கின துருக்கிக்காரர் யூசுஃப் திகெச், மீம்ல பாத்திருப்பீங்க. அவர் மறைப்பே மாட்டாம ரெண்டு கண்ணையும் திறந்து வெச்சுச் சுடுறவர். பாக்கெட்ல கை விடுறது ஸ்டைல் மட்டும் இல்ல. அந்தக் கை சும்மா தொங்கினா உடம்பை ஆட்டும், அதனால கிட்டத்தட்ட எல்லாருமே எங்கயாவது அதை மாட்டி வைப்பாங்க.

நம்ம கடலூர்ல பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுறது ஏர் ரைஃபிள். அதுல பின்னாடி பள்ளத்துக்குப் பதிலா ஒரு சின்ன ஓட்டை, முன்னாடி ஒரு வளையம். வட்டத்துக்குள்ள வட்டத்தை நடுவுல வைக்கிறது கண்ணுக்கு இயல்பா வரும், ஓட்டை சின்னதா இருக்கிறதால எல்லாமே கொஞ்சம் தெளிவாவும் தெரியும். ரைஃபிளை தோள்ல முட்டுக்குடுத்து ரெண்டு கையாலயும் பிடிக்கலாம். பிஸ்டல்ல ஒரே கை, திறந்த பள்ளம். அதனால ரைஃபிள் சுலபம்னு அர்த்தம் இல்ல, அங்க எல்லாரும் பத்துக்குள்ளயேதான் சண்டை போடுறாங்க. ஆனா அலைன்மென்ட்ங்கற இந்தத் தலைவலி பிஸ்டல்காரங்களுக்குத்தான் ஜாஸ்தி.

எவ்வளவு நுணுக்கமான தலைவலின்னா, 2024 பாரிஸ்ல மனு பாக்கர் தனிநபர் வெண்கலம் வாங்கின ஃபைனல் ஞாபகம் இருக்கா? 22 ஷாட் முடிவுல 221.7. அவங்களுக்கு முன்னாடி இருந்த கொரியாவோட கிம் யேஜி 221.8. வித்தியாசம் 0.1. கார்டு மேல அது 0.8 மி.மீ. அதை முன்குச்சிக்குக் கொண்டு வந்து கணக்குப் போட்டா 0.025 மி.மீ. பக்கம் வருது, ஒரு தலைமுடி தடிமன்கூட இல்ல. அது 22 ஷாட்டோட மொத்த வித்தியாசம்ங்கறதையும் மறந்துடாதீங்க. அதே மனு மூணு வருஷம் முன்னாடி டோக்கியோவுல, நடுப்போட்டியில பிஸ்டல் கோளாறாகி நேரம் போய், ஃபைனலுக்கே வராம வெளிய வந்தவங்க. இதை எங்க தங்கச்சிக்கு யூட்யூப்ல போட்டுக் காட்டினேன். அவ ஏற்கனவே பத்து தடவை பாத்தாச்சாம். நான்தான் லேட்.

இன்னொரு எண் அவளுக்கு உதவினதா சொன்னா. 60 ஷாட்டுக்கு 75 நிமிஷம். ஒரு ஷாட்டுக்கு 75 நொடி. ஆனா பிஸ்டலைத் தூக்கி நிறுத்தினதும் நல்லா சுடுறதுக்குக் கிடைக்கிறது பத்து நொடிக்குள்ளதான். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தியிருக்கோம், நேரம் போகப்போக கண்ணுக்கும் தசைக்கும் ஆக்சிஜன் குறையும், குச்சியோட விளிம்பு மங்க ஆரம்பிக்கும். மங்கினா சுடக்கூடாது. கையை இறக்கிட்டு, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கணும். நேரம் நிறைய இருக்கு. அவ அந்தப் போட்டியில ஒரு தடவைகூட கையை இறக்கலையாம். தூக்கினா சுட்டே ஆகணும்னு நினைச்சிருக்கா. இப்போ 'இறக்குறதும் ஒரு ஷாட்தான்'னு நோட்டுல எழுதி வெச்சிருக்கா. அது கோச் சொன்னது, நான் சொன்னது இல்ல.

போன சனிக்கிழமை அவகூட ரேஞ்சுக்குப் போனேன். கோச் கிட்ட நடந்ததைச் சொல்லி மன்னிப்பு கேட்டேன். அவங்க சிரிச்சுட்டு, "சார், நீங்க ஒருக்கா பிடிச்சுப் பாருங்க"ன்னு பிஸ்டலைக் கையில குடுத்தாங்க. இருபது ஷாட். கணக்கெல்லாம் தெரிஞ்ச எனக்கு கார்டுலயே பட்டது பதினாலு. ஒவ்வொரு தடவையும் கடைசி நொடியில என் கண்ணு டார்கெட்டுக்குத் தாவுறதை நானே உணர்ந்தேன், நிறுத்த முடியல.

அடுத்து அவ நின்னா. முதல் பதினஞ்சு நிமிஷம் வெறும் வெள்ளைச் சுவர். அப்புறம் டார்கெட். மானிட்டரை அவ பக்கத்துல இருந்து எங்கிட்ட திருப்பி வெச்சுட்டாங்க கோச். சுட்டதும் குண்டு எங்க விழுந்திருக்கும்னு அவ பாக்காமலே சொல்லணும். குச்சியைக் கடைசி வரைக்கும் பாத்திருந்தா மட்டும்தான் அதைச் சொல்ல முடியும். ஏன்னா சுடும்போது குச்சி எந்தப் பக்கம் சாஞ்சிருந்துச்சோ, அங்கதான் குண்டு போயிருக்கும்.

முதல் நாலு ஷாட் தெரியலன்னா. அஞ்சாவதுக்கு கொஞ்ச நேரம் அப்படியே நின்னுட்டு, கையை இறக்கிட்டு சொன்னா: "எட்டு. இடது பக்கம், கொஞ்சம் கீழ."

மானிட்டர்ல 8.3. இடது பக்கம், கொஞ்சம் கீழ.

"எண்ணே, சரியா?"ன்னு கேட்டா. சரின்னேன். எட்டு விழுந்ததுக்கு அவ அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பாத்ததே இல்ல.

சரி, மழை வலுக்குது, லாரிக்காரங்க ஹாரன் வேற. இங்கயே நிறுத்திக்கறேன். கேள்வி இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, துப்பாக்கி பத்தின கேள்வியை நான் தங்கச்சிகிட்டதான் குடுப்பேன். அடுத்த வாரம் பாப்போம்.